படத்தின் முதுகில் இரண்டு எழுத்து

கரையான் மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கியிருக்கவே மாட்டேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, அத்தை பூஜை அலமாரிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தை இறக்கி, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள். சட்டத்தின் அடிப்பக்கம் விரல் வைத்த இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது.

"வேற சட்டம் போட்டுக்கினு வா நைனா. நீயே எடுத்துக்கினு போ, நீயே எடுத்தா. வேற யாரு கையிலயும் குடுக்காதே" என்றாள்.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் அரை மணி. அந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டே பேர். ஒருத்தி என் அப்பாவின் தங்கையான இந்த அத்தை. இன்னொருத்தி என் அம்மா. ஆக, ‘வேற யாரு’ என்றால் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா நாலடி தள்ளி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருக்காது. தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு முன்கோபம் அதிகம். ஆலையில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கூட அதைப் பற்றியதுதான். ஆனால் அத்தையிடம் மட்டும் அது செல்லாது. படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த ‘வேற யாரு’ என்ற பேச்சுக்கு வயது நாற்பத்தேழு. என்னைவிட இரண்டு வயது மூத்தது. அதன் கதையைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அம்மா பிறந்தது திருவள்ளூரில், பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பத்தில். அங்கே ஆண்கள் நெற்றியில் வைப்பது வடகலை நாமம். அதற்குப் பாதம் கிடையாது. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது நெல் விளைகிற எங்கள் கிராமத்துக்கு. எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தென்கலை நாமம். புருவ மத்தியிலிருந்து மூக்கின் மேல் சின்னதாக ஒரு பாதம் இறங்கும். பெண் பார்க்கப் போனபோது இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள், அது போதும் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

கல்யாணமான முதல் புரட்டாசி. சனிக்கிழமைக்கு வீட்டைக் கழுவி, படங்களைத் துடைப்பது புது மருமகளின் வேலை. அம்மா படத்தை இறக்கும்போது சுவரிலிருந்து ஆணி கையோடு வந்துவிட்டது. கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அவள் பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைக்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டு, தானே பஸ் ஏறி ஊத்துக்கோட்டைக்குப் போய், வேறு கண்ணாடி மாற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டாள்.

அந்தப் பழைய கண்ணாடி இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் சந்தனம், நாமக்கட்டி, குங்குமம் என்று வருஷக்கணக்காக ஏறி, பெருமாளின் முகமே குத்துமதிப்பாகத்தான் தெரியும். புதுக் கண்ணாடியில் முகம் பளிச்சென்று தெரிந்தது. நெற்றியில் நாமம் தெரிந்தது. அதற்குப் பாதம் இல்லை. பாதம் இருக்க வேண்டிய இடத்தில், மூக்கின் மேல், வெளிறிப்போன ஒரு புள்ளி.

முதலில் பார்த்தது அத்தை. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. "பாதம் எங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது: திருவள்ளூர்க்காரி படத்தைச் சுரண்டி, புகுந்த வீட்டுப் பெருமாளைத் தன் பிறந்த வீட்டுக் கட்சிக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"நான் தொடவே இல்ல" என்று அம்மா கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அடுத்த மாதம் அத்தைக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காரணம் தயாராக இருந்தது. அதற்குப் பிறகு அத்தைக்கு எந்த வரனும் கூடிவரவில்லை. அம்மாவும் ‘நான் தொடவே இல்லை’ என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றக் கூடாது என்று அம்மாவை யாரும் தடுக்கவில்லை. ஏற்று என்றும் யாரும் சொல்லவில்லை. அப்பா தன் தங்கையிடமும் வாய் திறக்கவில்லை, மனைவியிடமும் வாய் திறக்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார். பூஜை அத்தை செய்வாள். அம்மா சமைத்துவிட்டு வந்து வாசற்படிக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுவாள். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அங்கேதான் நிற்பார்கள் என்று நான் ரொம்ப வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கிக் கம்பி உருட்டுகிற ஓர் ஆலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒவ்வொரு தடவை உலையில் இரும்பு உருகும்போதும் அதற்கு ஓர் எண் கொடுப்போம். ஹீட் நம்பர் என்று பெயர். எங்கோ ஒரு கட்டடத்தில் ஒரு கம்பி வெடித்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்த நாள், எந்த உலை, என்ன கலவை என்று கண்டுபிடித்துவிடலாம். இருபது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, ஊராருடைய கம்பிக்கெல்லாம் பிறப்பிடம் தேடுகிறவன் நம் வீட்டுப் படத்துக்குத் தேடினால் என்ன என்று தோன்றியது. இதே படம் வேறு வீடுகளிலும் இருக்கும். அவற்றில் பாதம் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அம்மா தப்பு செய்யவில்லை. கணக்கு இவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சட்டத்தைப் பிரித்தேன். பின்னட்டைக்குள் தெலுங்குச் செய்தித்தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. எல்லைக்குப் பக்கத்து ஊர், அதில் அதிசயம் இல்லை. கண்ணாடி மாற்றிய கடைக்காரர் வைத்ததாக இருக்க வேண்டும். அது சட்டத்தின் வயதைச் சொல்லுமே தவிர, படத்தின் வயதைச் சொல்லாது. படத்தின் ஓரங்களை யாரோ சட்டத்துக்கு ஏற்றபடி வெட்டியிருந்தார்கள். அச்சகம், ஊர், எதுவும் மிச்சமில்லை. ‘ஜெர்மன் படம்’ என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கும் அத்தாட்சி கிடையாது. படத்தைத் திருப்பினேன். முதுகில், மூலையில், பென்சிலால் இரண்டு எழுத்து: பா.எ.

பிறகு ஆலையிலிருந்து எடுத்து வந்திருந்த லென்ஸை முகத்தின்மேல் வைத்தேன். நாங்கள் கம்பியில் விரிசல் பார்க்கிற லென்ஸ் அது. பெருமாளின் கன்னம் எனக்குத் தெரிந்த கன்னமாக இல்லை. வெறும் புள்ளிகள். இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். கண்ணை எடுத்தால் கன்னம், கண்ணை வைத்தால் புள்ளி. இந்த மாதிரிப் படங்களை ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து அச்சடித்தார்கள் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். கல்லில் இடத்தை வலமாக, வலத்தை இடமாக மாற்றித்தான் வரைய வேண்டுமாம். சங்கு எந்தக் கை, சக்கரம் எந்தக் கை என்று தெரியாத, பெருமாளைக் கும்பிட்டே அறியாத ஓர் ஆள், எங்கோ ஒரு குளிர்தேசத்தில் உட்கார்ந்து, ஆதிசேஷனின் ஒவ்வொரு செதிலையும் தலைகீழ் மனதோடு புள்ளி வைத்திருக்கிறான். அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மூக்கின் மேல் இருந்த வெளிறிய இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் புள்ளிகள்தான் இருந்தன. கொஞ்சம் மங்கல். எனக்கு அப்போது அதில் எதுவும் உறைக்கவில்லை. பக்கத்து வேலைக்காரன் விட்ட பிழையைக் கண்டுபிடித்துச் சத்தம் போடத் தெரிகிற எனக்கு, கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

படத்தைப் போட்டோ எடுத்து, ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘இந்தப் படம் யார் வீட்டில் இருக்கிறது? பா.எ. என்றால் என்ன?’ ஷிப்டு மாறுவதற்குள் நாற்பது பதில். பாதி பேர் கும்பிடும் கையைப் போட்டிருந்தார்கள். பா.எ. என்பது பாலகிருஷ்ணன், எத்திராஜ் என்று இரண்டு கூட்டாளிகள் என ஒருவர் அடித்துச் சொன்னார். யார் அவர்கள் என்று கேட்டால், சும்மா ஓர் ஊகம்தான் என்றார். இன்னொருவர் பாண்டிச்சேரி எழுத்தகம் என்றார். அப்படி ஒன்று உண்டா என்று நான் ஒரு மாதம் தேடினேன். என் மனைவி, "இரும்பு பாத்து பாத்து உனக்கு மூளையும் இரும்பாயிடுச்சு" என்றாள்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன். "நீ சுரண்டலன்னு நான் காட்டுறேம்மா, பாரு" என்றேன். அவள் துணி பிழிவதை நிறுத்தாமல், "இன்னாத்துக்குடா இப்போ? வுடு. பாப்பாவுக்கு சக்கரை வேற ஏறிக்கினு கீது. அதுகிட்ட போய் பேஜாரு பண்ணாதே" என்றாள். பாப்பா என்றால் அத்தைதான். வீட்டுக்குக் கடைக்குட்டி. அறுபத்தைந்து வயதிலும் அம்மாவுக்கு அவள் பாப்பா. ஆனால் அதற்கடுத்த ஞாயிறு நான் செருப்பைக் கழற்றும்போதே அம்மா பக்கத்தில் வந்து, மெதுவாக, "இன்னா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். விட்டுவிடு என்றவள் கேட்ட கேள்வி அது. இனி இதைக் கண்டுபிடிக்காமல் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று எனக்குப் புரிந்துபோனது.

முதல் படம் வள்ளூரில் கிடைத்தது. எங்கள் உலைப் பிரிவில் வேலை செய்கிற நண்பர், அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு, தினமும் ரயிலில் வருகிறவர். "என் மாமனார் ஊட்டுலேருந்து வந்த படம் இதே மாரிதான் கீது சார். வந்து பாருங்க" என்றார். வேலை முடிந்து அவரோடே ரயிலேறினேன். வீட்டுக்குள் நுழைந்தவுடனே தெரிந்துவிட்டது. அதே பாற்கடல், அதே ஆதிசேஷன், காலடியில் அதே தாயார், தாமரையில் அதே பிரம்மா. ஓரம் வெட்டாத படம். அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஜெர்மனியில் அச்சடித்தது என்று இருந்தது. எங்கள் வீட்டுப் பெருமை பொய்யில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

லென்ஸை எடுத்து முகத்தில் வைத்தேன். நாமத்துக்குப் பாதம் இருந்தது. மூக்கின் மேல், அரை அரிசி அளவு, வெள்ளை வெளேரென்று, கல்லிலிருந்தே வந்த பாதம்.

நண்பரின் மனைவி காபி கொண்டுவந்தார். குடித்தேன். எங்கே வாங்கியது என்று கேட்டேன். காஞ்சிபுரத்தில் வாங்கியதாகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். படம் அச்சாகி வரும்போது பாதத்தோடுதான் வந்திருக்கிறது. எங்கள் படத்தில் அதை யாரோ எடுத்திருக்கிறார்கள். யார்? நான் அம்மாவைக் காப்பாற்றக் கிளம்பி, அவளுக்கு எதிராகச் சாட்சி கொண்டுவந்திருக்கிறேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ‘அவள்தான் செய்திருப்பாளோ’ என்று நினைத்தேன். பத்தொன்பது வயதுப் பெண், பிறந்த வீட்டு ஞாபகம், கையில் பிரித்த படம். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நினைத்தது நினைத்ததுதான்.

மூன்று ஞாயிறு ஊருக்குப் போகவில்லை. ஆலையில் வேலை என்று போனில் சொன்னேன். அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஆராய்ச்சியை அத்தோடு மூட்டை கட்டிவிட்டேன். ஆனாலும் படத்துக்குச் சட்டம் போட்டாக வேண்டும். பழைய மாதிரி மரச் சட்டம் திருவள்ளூரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒரு கடையில் கிடைக்கும் என்றார்கள். அம்மா பிறந்த ஊர்தான். ஒரு விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். பித்தளை விளக்கு, சுற்றிச் சுற்றி எரிகிற சீரியல் பல்பு வைத்த சாமி படம், பிளாஸ்டிக் மாலை. கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். ஒரு கையில் போன், ஒரு கையில் கண்ணாடி வெட்டுகிற வைரக் குச்சி.

"சட்டம் போடணும்" என்று படத்தைக் கொடுத்தேன். அவர் போனை வைத்துவிட்டு, படத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல், தட்டென்று திருப்பி முதுகைப் பார்த்தார்.

"எங்க கடைப் படமா?" என்றார்.

"உங்க கடையா? எப்படித் தெரியும்?"

"இதோ போட்டுக்கிதே, பா.எ.ன்னு."

"யாருங்க அது? யார் பேரு?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பேரு இல்ல சார், வேலை. பாதம் எடுத்தது."

நான் அங்கேயே, விளக்குகளுக்கு நடுவில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர் வீட்டுக்காரரின் தாத்தா வைத்த கடை அது. மதராஸிலிருந்து வரும் பெருமாள் படங்கள் எல்லாம் பாதத்தோடு வரும். இங்கே கோயிலைச் சுற்றியிருக்கிறவர்களுக்குப் பாதம் ஆகாது. பாதம் இருந்தால் படத்தைக் கையால் தொடமாட்டார்கள். அச்சடித்து வந்த பெருமாளைத் திருப்பி அனுப்பவா முடியும்? அதனால் தாத்தா ஒவ்வொரு படமாக எடுத்து, நாமத்தின் பாதத்தைச் சுரண்டி, அந்த இடத்துக்கு நிறம் கொடுத்து விற்பாராம். எடுத்ததற்கும் எடுக்காததற்கும் அடையாளம் தெரிய முதுகில் பா.எ. படத்தைச் சுருட்டி அடுக்கி வைத்திருக்கும்போது, பிரிக்காமலே எது எதுவென்று தெரியுமாம்.

"வெளியூர்க்காரங்க அமாவாசைக்கு வந்தா தெரியாம பா.எ. வாங்கிக்கினு போயிடுவாங்கன்னு எங்க மாமனார் சொல்லிச் சிரிப்பாரு" என்றார் அந்தப் பெண்.

எங்கள் தாத்தா அமாவாசைக்கு அந்தக் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. விற்காமல் நின்றுபோன படங்கள். அவரே ஏணி போட்டு ஏறி இறக்கினார். எங்கள் பெருமாள் அதில் மூன்று இருந்தார். ஒன்று பாதத்தோடு. ஒன்று பா.எ. மூன்றாவதுதான் என்னை உலுக்கியது: பாதம் சுரண்டி, நிறம் கொடுக்காமல் பாதியில் விட்டது. மூக்கின் மேல் தாளின் நார் மேலெழும்பி, வெள்ளையாக நின்றது. வேலையை ஏன் பாதியில் விட்டாரோ தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள்.

லென்ஸ் பையில்தான் இருந்தது. முடிந்த படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். அந்த மனிதர் வெறுமனே நிறத்தைப் பூசிவிடவில்லை. அரை அரிசி இடத்தில், அச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே, இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு புள்ளியாக வைத்திருக்கிறார். அவரிடம் லென்ஸ் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். யாரும் பார்க்கப் போவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால், சந்தனத்துக்கு அடியில், காலத்துக்கும் மறைந்து கிடக்கப்போகிற இடம். அதற்குப் போய் இத்தனை புள்ளி. ஜெர்மனிக்காரனுக்கு இணையாக நின்றிருக்கிறார் திருவள்ளூர்க்காரர். அச்சு மை நிற்கிறது, கையால் வைத்த நிறம் வருஷமாக ஆக வெளுத்துவிட்டது; அது ஒன்றுதான் வித்தியாசம். எங்கள் வீட்டுப் படத்தின் மூக்கில் இருந்த மங்கல் புள்ளிகள் இவர் கைதான். கண்ணாடி மாற்றக் கிடைத்த ஒரு பொழுதில், பஸ்ஸில் போய் வந்த புது மருமகள் செய்திருக்கக்கூடிய வேலையே இல்லை அது. என் அம்மாவைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்ததற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

அந்தப் பெண்ணிடம் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். "பூ கட்டுற ஊட்டுப் பொண்ணா?" என்றார். பிறகு வேறு பேச்சே இல்லை. மூன்று படத்தையும் செய்தித்தாளில் சுருட்டி என் கையில் கொடுத்தார். "எடுத்துக்கினு போய் காட்டுங்க சார். காட்டிட்டு மெதுவா எடுத்தாந்து குடுங்க." என் பெயரைக்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாளே லீவு போட்டு ஊருக்குப் போனேன். காலை வேலை முடிந்து இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் பாதத்துக்கு அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையால் மரத்துப்போகிற கால். புதுச் சட்டம் போட்ட எங்கள் படத்தை நடுவில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் மூன்றையும் விரித்து, மூலையில் சொம்பும் டம்ளரும் வைத்து அழுத்தினேன். பா.எ. பற்றிச் சொன்னேன். சுரண்டிய கடைக்காரத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். ஆலையில் அறிக்கை வாசிப்பதுபோல ஒன்று, இரண்டு என்று விரல் விட்டுச் சொன்னேன். எனக்குள் ஒரே கர்வம்.

அத்தை குனிந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் கண்ணால பாத்தேனே நைனா. பாதம் இருந்துச்சு. வெள்ளையா இருந்துச்சு. பொய் சொல்லல."

"கண்ணாடிக்கு உள்ளயா அத்தை, மேலயா?"

அத்தை சுவரில் படம் மாட்டியிருந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா காத்தால குளிச்சிட்டு வந்து நாமம் போட்டுக்குவாரு. போட்டுக்கினு, அதே குச்சியால கண்ணாடி மேல சாமிக்கும் ஒண்ணு வைப்பாரு. மூக்கு மேல."

எங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்கிவந்த அன்றே பார்த்திருப்பார். பெருமாளைத் திருப்பிக் கொடுக்க மனசு வராமல், இல்லாத பாதத்தைத் தினமும் தானே வைத்து ஈடுகட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தாத்தா போய்விட்டார். வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சுரண்டவில்லை. நான் வெற்றியோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா படங்களைப் பார்க்கவே இல்லை. எண்ணெய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பாப்பா கல்யாணம் நின்னது என்னால இல்லியாடா?" என்றாள்.

உண்மை தனக்குத் தெரியும் என்ற தெம்பில்தான் அவள் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். "தொடைக்கும்போது நகம் பட்டுருக்குமோ, எனக்குத் தெரியாம பட்டுருக்குமோன்னு நெனச்சுப்பேன்" என்றாள் அம்மா. "அதுக்குத்தான் வருஷா வருஷம் அமாவாசைக்கு எங்கூருக்குப் போய் கோயில் குளத்துல வெல்லம் கரைச்சுக்கினு இருந்தேன்." அது அவளுடைய மூட்டு வலிக்கு என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை தன் காலை அம்மாவின் மடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"உன்னால இல்ல அண்ணி" என்றாள். "அந்தாளு எங்கிட்டயே வந்து சொன்னான். ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல. உன்ன எனக்குப் புடிக்கல, வேற பொண்ணு கீது, நீயே வேணாம்னு சொல்லிடுன்னான். நான் எந்த வாயால வந்து சொல்லுவேன்? அவங்க ஊட்லேருந்தே நிறுத்திட்டாங்க. எல்லாரும் படத்தாலதான்னு சொன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாற்பத்தேழு வருஷம் என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். எண்ணெய் என் பேண்ட்டில் ஒட்டியது.

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே பாப்பா" என்றாள் அம்மா. "நான் யாருகிட்ட சொல்லப்போறேன்? பழி எப்டியும் எம்மேலதான் இருந்துச்சு. தெரிஞ்சே அத வச்சுக்கினு இருந்திருப்பேனே."

அத்தை அழுது நான் பார்த்தது அன்றுதான்.